காத்திருக்கும் மாதங்களில் ஒரு டிப்ளோமா பாடம்

ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். தேர்வு எழுதி முடித்த நாளுக்கும் மேற்படிப்புக் கடிதம் கைக்கு வரும் நாளுக்கும் நடுவில் கிடக்கும் மாதங்களில்தான் நம் பையன்களைப் பறிகொடுக்கிறோம். 2024ஆம் ஆண்டுத் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துத் தேர்வு 2025 பிப்ரவரியில் முடிந்தது; முடிவு வந்தது ஏப்ரல் 24. பிறகு அரசு உயர்கல்விச் சேர்க்கைக்கான யு.பி.யு. பதிலுக்குக் காத்திருப்பு, இடம் கிடைக்காவிட்டால் மேல்முறையீடு. அதற்குள் பையன் காப்பாரில் ஒரு தொழிற்சாலையிலோ ஷா ஆலாமில் ஒரு கிடங்கிலோ சம்பளம் வாங்கத் தொடங்கி, மோட்டார் சைக்கிளுக்கு முன்பணமும் கட்டியிருப்பான். மாதத் தவணை ஓடிக்கொண்டிருப்பவனைப் படிக்க வா என்று கூப்பிட்டுப் பாருங்கள்.

தஞ்சோங் காராங்கில் தேநீர் குடிக்கும்போது லாரி ஓட்டும் ஒருவர் சொன்னார்: "மவன் கெட்டிக்காரன்தான் சார். டிப்ளோமான்னா மூணு வருசம்ங்கிறாங்க. மூணு வருசமும் காசு உள்ள வராது, வெளியதான் போவும். அதுல கொஞ்சம் பள்ளிக்கூடத்திலேயே கழிஞ்சிட்டா யோசிக்கலாம்."

அவர் கேட்டதை அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 1985இலேயே சட்டமாக்கிவிட்டது. அங்கே பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கல்லூரிப் பாடத்தை எடுக்கலாம். கட்டணம் மாநிலத்தின் செலவு. தேறினால் அந்தப் பாடம் பள்ளிக் கணக்கிலும் சேரும், கல்லூரிக் கணக்கிலும் சேரும். பக்கத்துச் சிங்கப்பூரில் ஜூனியர் காலேஜ் மாணவர்கள் எச்3 நிலையில் பல்கலைக்கழகம் நடத்தும் பாடங்களையும் எடுக்கிறார்கள்.

நம் நாட்டில் இதற்கு மிக நெருங்கி நிற்பது கோலேஜ் வொக்கேஷனல். 2012இல் முன்னோட்டமாகத் தொடங்கிய ஏற்பாடு. மூன்றாம் படிவம் முடித்துச் சேர்ந்தால் இரண்டு ஆண்டில் சான்றிதழ், அடுத்த இரண்டு ஆண்டில் டிப்ளோமா. நம் கோலசிலாங்கூரிலேயே ஒன்று இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் தொழில் எது என்று பதினைந்து வயதிலேயே முடிவெடுத்தாக வேண்டும். நம் வீடுகளிலோ, படிப்பு ஏறாத பிள்ளைக்குத்தான் வொக்கேஷனல் என்ற பேச்சு இன்னும் போகவில்லை. சாதாரண இடைநிலைப்பள்ளியில் கணக்கியலோ அறிவியலோ படிக்கும் பிள்ளைக்கு இப்படி ஒரு வழியே இல்லை.

அந்தப் பிள்ளையும் காத்திருக்கும் மாதங்களில் ஒரு டிப்ளோமா பாடத்தைப் படித்து அதற்கான கிரெடிட்டை வாங்கிவிடட்டும் என்கிறேன். கிரெடிட் என்றதும் எஸ்.பி.எம்.மில் வாங்கும் கிரெடிட்டை நினைக்காதீர்கள். நான் சொல்வது கிரெடிட் மணி. உயர்கல்வித் தகுதிகளை அங்கீகரிக்கும் எம்.க்யூ.ஏ.வின் கணக்குப்படி ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேரப் படிப்பு; வகுப்பு, வீட்டில் படிப்பது, தேர்வு எல்லாம் அதில் அடக்கம். மூன்று கிரெடிட் பாடம் என்றால் 120 மணி. எஸ்.பி.எம். முடிந்து முடிவு வரும்வரை ஏறக்குறைய பன்னிரண்டு வாரம் இருக்கிறது; வாரத்துக்குப் பத்து மணி நேரம் ஒதுக்கினால் ஒரு பாடம் முடிந்துவிடும். பையன் மீதி நாளில் வேலைக்கும் போகலாம். டிப்ளோமாவுக்குக் குறைந்தது 90 கிரெடிட் தேவை, அதில் மூன்று சொற்பம்தான். ஆனால் முடிவு வரும்போது அவன் கையில் கல்லூரிப் பாடம் ஒன்று தேறிய தாள் இருக்கும். மோட்டார் தவணையோடு மல்லுக்கட்ட அதுவாவது வேண்டாமா?

சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமே என்பீர்கள். சபாக் பெர்ணம் பக்கம் சுங்கை ஆயர் தாவாரில் சுல்தான் இட்ரிஸ் ஷா பாலிடெக்னிக் இருக்கிறது. பெஸ்தாரி ஜெயாவில் யூனிசெல் இருக்கிறது. அது சிலாங்கூர் மாநில அரசின் பல்கலைக்கழகம். 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் போட்ட தென்னமரம் அந்த வட்டாரத்தில்தான். தலைமுறை தலைமுறையாகக் குலை வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கூப்பிடு தூரத்தில் பல்கலைக்கழகம். உள்ளே போகத்தான் வழி தெரிய வேண்டும். செகிஞ்சான் நெல்வயலில் படம் பிடிக்க வார இறுதியில் கோலாலம்பூர்க்காரர்கள் வரிசையாகக் காரில் வந்துவிடுகிறார்கள். இங்கிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைதான் பஸ்ஸை நம்ப முடியாமல் நிற்கிறது. ஆகவே விரிவுரையாளர் பள்ளிக்கு வரட்டும். வார இறுதியில் பள்ளிக்கூடம் காலியாகத்தானே கிடக்கிறது.

எந்தப் பாடம்? பொதுப் பாடங்களில் தொடங்கலாம் என்பேன். அரசுக் கல்லூரி, தனியார் கல்லூரி என்று பாராமல் எங்கும் அவை கட்டாயம், ஆய்வுக்கூடம் தேவையில்லை. சுவாரசியமான பாடங்கள் அல்லதான், ஆனால் எங்கே போனாலும் தேவைப்படும். இது ஓடினால், அடுத்து நான்காம் படிவத்துக்குச் சனிக்கிழமை வகுப்பாக ஒன்று வைக்கலாம். ஐந்தாம் படிவத்தைத் தொட வேண்டாம். அந்த ஆண்டின் சுமையே போதும்.

ஒரு பயம் நியாயமானது. பிள்ளை பாடுபட்டுத் தேறிய பாடத்தை நாளைக்குச் சேரும் கல்லூரி ஏற்காவிட்டால்? பள்ளியிலேயே எடுத்த ஏ.பி. என்ற கல்லூரி நிலைப் பாடங்களுக்கு இனி கிரெடிட் தருவதில்லை என்று அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி 2013இல் அறிவித்தது. நம் வொக்கேஷனல் டிப்ளோமாவின் அங்கீகாரம் பற்றியும் ஆரம்பத்தில் கேள்வி எழுந்தது. கிரெடிட்டை இன்னொரு கல்லூரிக்கு மாற்ற இங்கே பாட உள்ளடக்கம் 80 விழுக்காடு ஒத்திருக்க வேண்டும். குறைந்தது சி கிரேடு வேண்டும். எந்தெந்தக் கல்லூரி ஏற்கும் என்பதை எழுத்தில் வாங்காமல் முதல் வகுப்பை நடத்தவே கூடாது.

இதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான். புக்கிட் ரோத்தான் வாகீசர் தமிழ்ப்பள்ளி என்றால் ஓடோடி வந்து நிற்கிறோம். அதே பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தின் பக்கம் தலைகாட்டுவதில்லை. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். பாலிடெக்னிக்கையோ யூனிசெல்லையோ அழைத்து, எஸ்.பி.எம். முடிந்த கையோடு ஒரே ஒரு பாடத்தை நம் பள்ளியில் நடத்த முடியுமா என்று முதல்வரிடம் கேளுங்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள். நகலைச் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்பிவையுங்கள்.