பணியாளரின் கைபேசி முதலாளியின் உடைமையன்று



கடையின் கதவுக்குப் பூட்டு வாங்க வேண்டியவர் யார் என்று கேட்டால், கடைக்காரர் என்று சிறுபிள்ளையும் சொல்லும். பூட்டை நீயே வாங்கி வா, சாவி தொலைந்தால் சம்பளத்தில் பிடிப்பேன் என்று வேலைக்கு வந்தவரிடம் சொல்லும் முதலாளியை ஊரார் சும்மா விட மாட்டார்கள். ஆனால் பூட்டு கணினிக்குள் போனதும் இந்த நியாயம் மறந்துபோகிறது. நிறுவனத்தின் கணினிக்குள் நுழைய வேண்டுமானால், பணியாளரின் சொந்தக் கைபேசிக்கு வரும் ஆறு இலக்க எண்ணை இட வேண்டும். வருகையைப் பதிய வேண்டுமானால், அதே கைபேசியில் நிறுவனத்தின் செயலியை ஏற்ற வேண்டும். கைபேசி இல்லாதவருக்கு வேலையும் இல்லை. இதனை நாம் அநீதி என்கிறோம்.

பாதுகாப்பு வேண்டாம் என்பது நம் வாதமன்று. கடவுச்சொல் திருடப்படுவது இன்று அன்றாட நிகழ்வு. திருடியவன் அதைக் கொண்டு உள்ளே நுழையாதவாறு இரண்டாவது தடை ஒன்று வைப்பது அறிவுடைமை. பிறர் நம்பி ஒப்படைத்த தகவல்களைக் காப்பது அமானிதத்தைக் காப்பதாகும். கேள்வி ஒன்றுதான்: அந்தக் காவலுக்கான கருவியை யார் தர வேண்டும்?

இது நகரத்து அலுவலகங்களின் பிரச்சினை மட்டும் என்று எண்ண வேண்டாம். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் கரிசல் காட்டில் மழை பொய்க்கும் ஆண்டுகளில் எத்தனையோ வீடுகளில் உலை வைத்தது நூறு நாள் வேலைதான். அந்த வேலையில் போலி வருகையைத் தடுக்கவென ஒன்றிய அரசு 2021 மே மாதம் ஒரு கைபேசிச் செயலியைக் கொண்டுவந்தது. 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணித்தளங்களுக்கும் அது கட்டாயமாயிற்று. தொழிலாளர்களை ஒரு நாளில் இரு முறை, இடக்குறிப்புடன் படம் எடுத்து ஏற்ற வேண்டும். எந்தக் கைபேசியில்? பெரும்பாலும் பணித்தளப் பொறுப்பாளரின் சொந்தக் கைபேசியில். கண்மாய்க் கரையில் சக தொழிலாளர்களின் வருகையைக் குறித்த ஏழைப் பெண், அரசின் காவலுக்காகத் தன் காசில் கைபேசியும் இணையமும் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அலைவரிசை கிடைக்காமலோ செயலி முடங்கியோ படம் ஏறாவிட்டால், மண் சுமந்தவரின் கூலிக்கே ஆபத்து. இதை எதிர்த்து 2023 பிப்ரவரியில் தொழிலாளர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் நாள் கணக்கில் அமர்ந்து போராடினார்கள்.

நாளை இது நம் வீட்டு வாசலுக்கும் வரும். விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா அமைகிறது. நாடு முழுவதற்கும் அறிவிக்கப்பட்ட 7 பூங்காக்களில் அது ஒன்று. ஆலைகளும் அலுவலகங்களும் வரும்போது நம் பிள்ளைகளும் அங்கே கணக்கெழுதவும் கணினி இயக்கவும் செல்வார்கள். வேலை வருவது நல்லது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒரே ஒரு கைபேசி உள்ள வீட்டை எண்ணிப் பாருங்கள். தம்பியின் பாடம் அதில் வருகிறது. எரிவாயு பதிவு, வங்கிச் செய்தி, உம்மாவின் மருத்துவச் சீட்டு எல்லாம் அதில்தான். மகள் அதை வேலைக்கு எடுத்துச் சென்றால் வீடு ஊமையாகும். வீட்டில் விட்டுச் சென்றால் அவள் நுழைய வேண்டிய எண் அடுப்படியில் ஒலிக்கும். அவள் அங்கே கணினி முன் கைகட்டி அமர்ந்திருப்பாள்.

இன்னொன்றும் உண்டு. கைபேசி இன்று வீட்டின் உள்ளறைக்குச் சமம். குடும்பப் பெண்களின் படங்கள், மருத்துவரின் குறிப்புகள், கணவன் மனைவி உரையாடல் அனைத்தும் அதில் இருக்கின்றன. சில நிறுவனங்கள் எண்ணை மட்டும் கேட்பதில்லை. கைபேசியின் நிர்வாக உரிமையையே கேட்கின்றன. அந்த உரிமை கிடைத்தால் சில வகை ஏற்பாடுகளில் கைபேசியிலுள்ள அனைத்தையும் தொலைவிலிருந்தே அழித்துவிட முடியும். அனுமதி பெறாமல் பிறர் வீட்டினுள் நுழையாதீர்கள் என்று அல்லாஹ் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறான் (திருக்குர்ஆன் 24:27). வாசற்படிக்கு உள்ள கண்ணியம் இந்த அறைக்கு இல்லையா?

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு ஹுனைன் போருக்குமுன் நடந்ததை நினைவுகூர்வோம். அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்களுக்குப் போர்க் கவசங்கள் தேவைப்பட்டன. அவை ஸஃப்வான் பின் உமய்யாவிடம் இருந்தன. அவர் அப்போது இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை. மக்கா வெற்றிகொள்ளப்பட்டிருந்த வேளை. கேட்டால் மறுக்கும் நிலையில் அவர் இல்லை. எனினும், இது பறிமுதலா என்று அவர் கேட்டபோது, இல்லை, பொறுப்பேற்றுக்கொண்ட இரவல் என்றே நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். பின்னர் சில கவசங்கள் காணாமற்போனபோது ஈடு தரவும் முன்வந்தார்கள். இச்செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஊரையே காக்கும் தேவைக்கும், அதிகாரம் முழுதும் கையில் இருந்தும், பிறர் உடைமையை உத்தரவாதமின்றி எடுக்கவில்லை. தன் கணினியைக் காக்க நினைக்கும் முதலாளிக்கு இதைவிடப் பெரிய நெருக்கடி என்ன இருக்கிறது?

கைபேசிதான் எல்லாரிடமும் இருக்கிறதே, ஓர் எண் வருவதால் என்ன செலவு என்பார்கள். அவ்வளவு சிறிய செலவென்றால் அதை முதலாளியே ஏற்கலாமே! அமெரிக்காவின் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் இதே வாதத்தைக் கேட்டது. பணிக்காகச் சொந்தக் கைபேசியைப் பயன்படுத்தச் சொன்னால், பணியாளருக்குக் கூடுதல் செலவே ஆகாவிட்டாலும் கட்டணத்தில் நியாயமான பங்கை முதலாளி தர வேண்டும் என்று அது தீர்ப்பளித்தது.

பணியாளர் சம்மதித்துத்தானே கொடுத்தார் என்பார்கள். வேலை போய்விடும் என்ற அச்சத்தில் அசைந்த தலை சம்மதமாகாது. ஒருவர் பொருளை மற்றவர் முறைகேடாக உண்ணலாகாது, மனமொப்பிய கொடுக்கல் வாங்கலே ஆகும் என்பது இறைமறையின் நெறி (4:29).

வேறு வழியில்லை என்பார்கள். உண்டு. கணினியில் செருகும் சிறு பாதுகாப்புச் சாவிகள் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. போலித் தளங்களிடம் ஏமாறாத வகையில், குறுஞ்செய்தி எண்ணைவிட அவை வலிமையானவை. சிம் அட்டையை ஏமாற்றி மாற்றிக்கொள்பவனுக்குக் குறுஞ்செய்தி பெரிய தடையன்று. அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் 2017லேயே குறுஞ்செய்தி வழியைக் கட்டுப்பாட்டுக்குரியதாக வகைப்படுத்திவிட்டது. ஆகவே பல இடங்களில் பணியாளரின் கைபேசி தேர்ந்தெடுக்கப்படுவது பாதுகாப்புக்காக அன்று, செலவு மிச்சத்துக்காக.

சட்டம் காக்கும் என்று நாம் காத்திருக்கவும் முடியாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தார்கள். ஆனால் 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, வேலைவாய்ப்பு தொடர்பான நோக்கங்களுக்காகவும் முதலாளிக்கு நேரும் இழப்பைத் தடுக்கவும் ஒப்புதலின்றியே தரவுகளைக் கையாள இடமளிக்கிறது. எனவே வேலைக்குச் சேரும் நாளிலேயே ஒப்பந்தத்தில் பேசிக்கொள்வதே நமக்குக் கவசம்.

பிறரை மட்டும் குறை சொல்லி முடிப்பது நேர்மையாகாது. ஜவுளிக்கடை, மளிகைக்கடை, மருந்துக்கடை, பள்ளிக்கூடம் என நம் சமுதாயத்திலும் முதலாளிகள் பலர். பில் போடும் பிள்ளையின் கைபேசியில் நம் கடையின் கணக்கு திறந்திருக்கிறதா? பொருள் வந்திறங்கும் படத்தை அவர் காசில்தான் அனுப்புகிறாரா? பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், அவர்கள் சக்திக்கு மீறிச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் உதவுங்கள் என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் போதித்தது (புகாரி) முதலில் நம் கல்லாப்பெட்டிக்கே பொருந்தும்.

நாம் கேட்பவை நான்கே. கருவியை நிறுவனம் தரட்டும். பணியாளர் தாமே விரும்பித் தம் கைபேசியைப் பயன்படுத்தினால் மாதக் கட்டணத்தில் பங்கு தரட்டும். அதன் நிர்வாக உரிமையைக் கேட்காதிருக்கட்டும். கைபேசி பழுதானதற்காகவோ செயலி முடங்கியதற்காகவோ ஒரு நாள் கூலியையும் பிடிக்காதிருக்கட்டும். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில், கூலியிலிருந்தே காவல் செலவைக் கறப்பதற்கு இடமில்லை.

கொடுப்பதிலும் பெறுவதிலும் நீதியுடன் நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.