எடைக்கல்லோடு கப்பலேறியவர்



நம் பத்திரிகையின் பழைய சந்தாதாரர் ஒருவர் போன வாரம் அலுவலகத்துக்கு வந்திருந்தார். ஆறு மாதம் அமெரிக்காவில் மகன் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பியவர். அங்கே அவருக்குக் கிடைத்த ஒரே பேச்சுத் துணை பக்கத்து வீட்டுக் கிழவராம். அவர் ஓய்வுபெற்ற விவசாயி. முன்னோர் ஸ்காட்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். சாப்பாட்டு மேசை முழுக்க நகலெடுத்த காகிதங்களைப் பரப்பிவைத்துக்கொண்டு, அவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று வருடக்கணக்காகத் தேடிக்கொண்டிருக்கிறாராம். “ஏர் ஓட்டினவனுக்கு எதுக்கு சார் இவ்வளவு காகிதம்?” என்று நம் நண்பர் கேட்டார். அன்றைக்குக் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

குடியானவன் தன்னைப் பற்றி எழுதிவைப்பதில்லை. அவனிடம் காசு வாங்க வேண்டியவர்களும், அவனுக்கு நிலம் கொடுக்க வேண்டியவர்களும்தான் அவனை எழுதிவைத்தார்கள். தேவாலய குமாஸ்தா, சுங்க அதிகாரி, கணக்கெடுப்புக்காரர், நில அலுவலகம். இவர்களுடைய பேரேடுகளில் எந்த அளவுக்குச் சிக்கினானோ அந்த அளவுக்குத்தான் இன்றைக்குப் பேரப்பிள்ளைகளின் கைக்கு வருகிறான்.

தானே எழுதிவைத்தவர்களும் அபூர்வமாக உண்டு. அமெரிக்க இயற்கையியலாளர் ஜான் மியூர் என்றால் நமக்கு யோசெமிட்டிப் பள்ளத்தாக்கும் சியரா கிளப்பும் நினைவுக்கு வரும். மலைகளுக்குப் போவதற்கு முன் அவர் பண்ணை வீட்டுப் பையன். 1838இல் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் டன்பார் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா டேனியல் மியூர் அங்கே தானிய வியாபாரம் செய்தவர். 1849 பிப்ரவரியில் மனைவியையும் மற்ற பிள்ளைகளையும் மாமனார் பொறுப்பில் விட்டுவிட்டு, சாரா, ஜான், டேவிட் மூவரோடும் கிளாஸ்கோவில் கப்பலேறினார். கடலில் ஆறு வாரமும் மூன்று நாளும். கனடாவுக்குப் போவதாகத்தான் கிளம்பினார். கப்பலில் சக பயணிகள் பேசியதைக் கேட்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் என்று முடிவை மாற்றிக்கொண்டார். ஒரு குடும்பத்தின் நாடே நடுக்கடலில் யாரோ சொன்ன வார்த்தையில் மாறிவிட்டது.

அவர் எடுத்துப்போன சாமான்தான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். தராசு ஒன்றும் அதற்கான எடைக்கற்கள் மொத்தமும் பெட்டியில் போயின. 56 பவுண்டுக் கல் மட்டும் இரண்டு. ஒவ்வொன்றும் நம் கணக்கில் 25 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். நியூயார்க்கில் இறங்கி, ஆறு, கால்வாய், பெரிய ஏரிகள் எல்லாம் கடந்து மில்வாக்கி வரை அந்தக் கற்கள் பயணம் செய்தன. அங்கே கோதுமை விற்றுவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு விவசாயி, 30 டாலருக்கு நூறு மைல் ஏற்றிப்போக ஒப்புக்கொண்டு மாட்டிக்கொண்டார். பனி உருகிய சேற்றில் சக்கரம் இறங்கிய ஒவ்வொரு தடவையும், இனி 100 டாலர் கொடுத்தாலும் இப்படியொரு பாரம் ஏற்றமாட்டேன் என்று புலம்பினாராம். காட்டைத் திருத்தப் போகிறவருக்குத் தராசு எதற்கு? கடை வைத்தவருக்குக் கல்லில்லாமல் கை நடுங்கும்போலும்.

முதல் பண்ணை ஃபவுன்டன் லேக். கோதுமை, கோதுமை என்று போட்டு நாலைந்து வருடத்திலேயே மண்ணின் சத்து போய்விட்டது. எட்டு வருடம் கழித்து, நாலைந்து மைல் தள்ளி ஹிக்கரி ஹில் என்ற மேட்டு நிலத்தை வாங்கினார்கள். அங்கே தண்ணீர் இல்லை. கிணறு வெட்டும் வேலை ஜான் தலையில் விழுந்தது.

மேலே பத்தடி மண், அதற்குக் கீழே மணற்பாறை. வெடி வைத்துப் பார்த்தார்கள், சரிவரவில்லை. உளியும் சுத்தியலும்தான் என்றாயிற்று. குழியின் அகலம் மூன்றடி. காலையில் அப்பாவும் தம்பி டேவிட்டும் ராட்டினத்தில் வாளியைக் கட்டி இறக்கிவிட்டுப் பண்ணை வேலைக்குப் போய்விடுவார்கள். மத்தியானம் தூக்கிச் சோறு போட்டு, மறுபடி இறக்கி, இருட்டிய பிறகு தூக்குவார்கள். மாதக்கணக்கில் இதே கதை. 80 அடி ஆழத்தில் ஒருநாள் காலை இறங்கியதும் தலை சுற்றியது. இரவெல்லாம் அடியில் கரியமில வாயு தேங்கியிருந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்போமே, இது கண்ணுக்குத் தெரியாத பூதம். சுவரில் சாய்ந்தவர் கண்ணில் மேலே கிணற்று வாய்க்கு மேல் சாய்ந்திருந்த ஓக் மரக்கிளை ஒன்று பட்டிருக்கிறது. அதில் கொஞ்சம் சுதாரித்து, தூக்கச் சொல்லிக் கூப்பிட்டு, எப்படியோ வாளிக்குள் விழுந்து மேலே வந்தார். சுரங்க வேலை தெரிந்த பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் வந்து, தண்ணீரை ஊற்றியும் கயிற்றில் கட்டிய புல் கட்டை ஏற்றி இறக்கியும் காற்றைக் கலைக்கக் கற்றுக்கொடுத்தார். இரண்டொரு நாளில் பையனை மறுபடி இறக்கிவிட்டார்கள். 90ஆவது அடியில் தண்ணீர். அப்பா அந்தக் கிணற்றுக்குள் ஒரு மணி நேரம்கூட இருந்ததில்லை என்று மியூர் ஐம்பது வருடத்துக்குப் பிறகும் மறக்காமல் எழுதுகிறார்.

இன்னொரு காட்சியையும் அவர் பதிவுசெய்திருக்கிறார். விஸ்கான்சினின் பூர்வகுடிகளான மெனோமினி மக்கள் தங்களிடம் மிஞ்சியிருந்த நிலத்தை ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுத்தது 1848இல். மியூர் குடும்பம் வந்தது அடுத்த வருடம். பக்கத்து ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர், அமெரிக்க இந்தியர்களை இப்படி விரட்டுவது பாவம் என்கிறார். டேனியல் மியூர் விடவில்லை: வேட்டையாடி ஒரு குடும்பம் பிழைக்கும் இடத்தில் உழுது பல குடும்பம் பிழைக்கலாமே, கடவுள் சித்தம் அதுதானே என்கிறார். அப்படியானால் நம்மைவிட நன்றாக உழத் தெரிந்தவன் நாளைக்கு வந்து நம்மை விரட்டினால் அதுவும் சரிதானா என்று திருப்பிக் கேட்கிறார் அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர். இத்தனைக்கும் ஸ்காட்லாந்தில் அது நடந்திருந்தது. 1814இல் வடக்கே ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் செம்மறியாடு மேய்ப்பது லாபம் என்று குடியானவர்களை வெளியேற்றி, அவர்கள் வீடுகளைக் கொளுத்தியது பலருக்கும் தெரிந்த கதை. குடும்ப வரலாறு தேடுகிறவர்களில் நிறையப் பேர், துரத்தப்பட்ட பக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். யாருடைய நிலத்தில் போய் உழுதார்கள் என்ற பக்கத்தையும் புரட்ட வேண்டும் என்பது என் கட்சி.

மியூர் எழுதினார். பக்கத்துப் பண்ணைகளில் இருந்தவர்கள் எழுதவில்லை. அவர்கள் பேரப்பிள்ளைகள்தான் மேசையில் காகிதம் பரப்பிக்கொண்டு உட்காருகிறார்கள்.

அமெரிக்கக் கணக்கெடுப்பில் 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும். மற்றவர்கள் வயதுவாரியாக வெறும் எண்ணிக்கை. 1850இல்தான் அடிமைகள் நீங்கலாக ஒவ்வொருவரின் பெயர், வயது, பிறந்த நாடு எல்லாம் வருகின்றன. அதே வருடம் தொடங்கி 1880 வரை விவசாயத்துக்குத் தனிப் பட்டியலும் எடுத்தார்கள். திருத்திய நிலம் எத்தனை ஏக்கர், கறவை மாடு எத்தனை, கோதுமை எத்தனை புஷல், வெண்ணெய் எத்தனை பவுண்டு. வெண்ணெய்க் கட்டத்தை நான் கொஞ்சம் நின்று பார்ப்பேன். அந்தப் பட்டியலில் பெரும்பாலும் ஆண் பெயர்தான் இருக்கும். வெண்ணெய் கடைந்தவள் அதில் இல்லை.

இதைவிடப் பெரிய புதையல் நில அலுவலகக் கோப்பு. 1862இல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் கிடைத்தது. ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்ததாக நிரூபிக்க வேண்டியிருந்தது; இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. வீடு எத்தனை அடிக்கு எத்தனை அடி, எவ்வளவு உழுதார், எப்போது குடிவந்தார் என்று எல்லாம் எழுதியிருப்பார்கள். வெளிநாட்டில் பிறந்தவர் குடியுரிமைக் காகிதத்தையும் இணைக்க வேண்டியிருந்தது. சாட்சிகளின் பெயரைப் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். அங்கேதான் சூட்சுமம். ஒரே ஊர்க்காரர்கள் கூட்டமாக வந்து பக்கத்துப் பக்கத்தில் நிலம் பிடிப்பது வழக்கம். நம் ஆள் எந்த ஊர் என்று தெரியாவிட்டால் சாட்சி எந்த ஊர் என்று பார்க்கலாம்.

நடுவில் ஒரு பள்ளமும் உண்டு. 1890 கணக்கெடுப்பு 1921இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் பாழாயிற்று. 1880இல் குழந்தையாக இருந்தவர் 1900இல் இருபது வயது ஆளாகத்தான் மறுபடி தலைகாட்டுவார்.

இத்தனையும் தேடி முடித்தாலும், பிறந்த இடம் என்ற கட்டத்தில் “ஸ்காட்லாந்து” என்ற ஒற்றைச் சொல்தான் பெரும்பாலும் இருக்கும். நம் ஊர் விலாசத்தில் “தமிழ்நாடு” என்று மட்டும் எழுதித் தபாலில் போட்ட மாதிரி. எந்தத் திருச்சபைப் பங்கு என்று தெரியாமல் அங்கே சரியான ஆளைக் கண்டுபிடிப்பது கடினம். அதைச் சொல்வது சில சமயம் கல்லறைக் கல்லாக இருக்கும், சில சமயம் குடும்ப பைபிளின் முன்பக்கமாக இருக்கும்.

பங்கின் பெயர் கிடைத்துவிட்டால் ஸ்காட்லாந்து நல்ல நாடு. 1855 ஜனவரி 1 முதல் அரசே பிறப்பு, இறப்பு, திருமணத்தைப் பதிவுசெய்கிறது. முதல் வருட உற்சாகத்தில் பெற்றோர் வயது, பிறந்த ஊர், கல்யாணமான இடம், எத்தனை பிள்ளைகள் என்று எல்லாம் கேட்டுவிட்டார்கள். எழுதுகிறவர்களுக்குக் கை வலித்ததால் மறு வருடமே குறைத்துவிட்டார்கள். அதனால் 1855இல் குழந்தை பெற்ற மூதாதை வாய்த்தவர்களை அங்கே அதிர்ஷ்டசாலிகள் என்பார்கள். அதற்கு முன்னால் தேவாலயப் பதிவுகள்தான். 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி போட்டார்கள். பலர் பதிவதையே விட்டுவிட்டார்கள். இறப்புப் பதிவேடு பல ஊர்களில் இல்லவே இல்லை. அதற்குப் பதில் துணி வாடகைக் கணக்கு இருக்கிறது: சவப்பெட்டியின் மேல் போர்த்தும் துணியைத் தேவாலயம் வாடகைக்கு விட்டது. இன்னார் வீட்டுக்கு இன்ன தேதியில் துணி போயிற்று, இவ்வளவு காசு வந்தது. ஒரு மனிதர் இறந்த தேதிக்கு அந்த வாடகைதான் சாட்சி.

ஏன் புறப்பட்டார்கள் என்று குடியானவர்களையே கேட்ட ஒரு சந்தர்ப்பமும் உண்டு. 1773 முதல் 1775 வரை துறைமுகச் சுங்க அதிகாரிகள் கப்பலேறுகிறவர்களின் பெயர், தொழில், காரணம் எல்லாம் எழுத வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. குத்தகை ஏறிவிட்டது, பிழைக்க வழியில்லை என்கிற மாதிரிப் பதில்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டது இரக்கத்தால் என்று நினைக்க வேண்டாம். ஆள் குறைகிறதே என்ற கவலை.

கட்டம் போட்ட துணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ஸ்காட்லாந்து வம்சம் என்றதும் குலத்துக்கொரு கட்டத்துணி வாங்கிவிடுகிறார்கள். குலத்துக்கு இன்ன கட்டம் என்ற ஒழுங்கு பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் வளர்ந்தது. அதில் துணி வியாபாரிகளின் கைங்கர்யம் நிறைய. டன்பார் தானியக் கடைக்காரருக்கு அதெல்லாம் தெரியாத சங்கதி.

துணியைவிடப் பெயரை நம்பலாம். பழைய ஸ்காட்லாந்தில் மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூன்றாமவனுக்குத் தகப்பன் பெயர். மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா, இரண்டாமவளுக்கு அப்பாவின் அம்மா. இது சட்டமில்லை, வழக்கம். இதை விளக்க நமக்கு ஒரு சொல்லே போதும். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் பெயரன், அவனே பேரன். என் வீட்டில் எனக்குத் தாத்தா பெயர்தான். மாமனார் பெயரை வாயால் சொல்லக்கூடாதென்று அம்மா கடைசிவரை என்னைத் “தம்பி” என்றே கூப்பிட்டார்.

மியூர் வீட்டில் இதைச் சோதித்துப் பார்த்தேன். பையன்கள் ஜான், டேவிட், டேனியல். அப்பாவின் அப்பா ஜான் மியூர். அம்மாவின் அப்பா டேவிட் கில்ரை. மூன்றாமவனுக்குத் தகப்பன் டேனியலின் பெயர். மூத்த பெண் மார்கரெட். அம்மாவின் அம்மா மார்கரெட் ஹே. அடுத்தவள் சாரா, அப்பாவின் அம்மா சாரா ஹிக்ஸ். ஒரு எழுத்துப் பிசகவில்லை. பாட்டன் பாட்டி பெயர் எதுவும் தெரியாமல் பிள்ளைகளின் பட்டியல் மட்டும் கையில் இருந்திருந்தால்கூட நால்வரையும் ஊகித்திருக்கலாம்.

எல்லா வீட்டிலும் இவ்வளவு சுலபமாக அமையாது. ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் ஒய்ரிக் என்ற பெண் பெயரை ஆங்கில குமாஸ்தாக்கள் எஃபி என்றும் யூஃபீமியா என்றும், சில இடங்களில் ஆஃப்ரிகா என்றும்கூட எழுதியிருக்கிறார்கள். மூன்று பெண்கள் என்று நினைத்துத் தேடினால் மூன்றும் ஒரே பாட்டியாக இருக்கும். மியூர் வீட்டிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. சாரா ஹிக்ஸ் இங்கிலாந்துக்காரி. தாத்தா ஜான் மியூர் பட்டாளத்துச் சிப்பாய். ஆகவே தராசைத் தூக்கிக்கொண்டு போன டேனியல் மியூர் 1804இல் பிறந்தது மான்செஸ்டரில். குழந்தையிலேயே அம்மாவும் அப்பாவும் போய்விட, பதினோரு வயது மூத்த அக்கா மேரிதான் ஸ்காட்லாந்தில் வைத்து வளர்த்தாள். பிறகு அவருக்கு இரட்டைப் பெண்கள் பிறந்தபோது ஒருத்திக்கு மனைவியின் பெயரான ஆன், இன்னொருத்திக்கு மேரி. ஸ்காட்லாந்துப் பதிவுகளில் டேனியலின் பிறப்பைத் தேடுகிறவர் ஆயுசு முழுக்கத் தேடலாம்.

நம் நண்பரே, பக்கத்து வீட்டுக் கிழவருக்குத் தொலைபேசியில் இரண்டு விஷயம் சொல்லுங்கள்: நிலக் கோப்பில் சாட்சிகள் யார் என்று பார்க்கச் சொல்லுங்கள், கொள்ளுத்தாத்தாவின் பிள்ளைகளின் பெயரைப் பிறந்த வரிசையில் எழுதச் சொல்லுங்கள்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யார் பெயர் யாருக்கு வந்திருக்கிறது, அந்தப் பெயரை வீட்டில் யார் யார் சொல்லமாட்டார்கள் என்று எழுதி அனுப்புங்கள். அஞ்சலட்டை போதும். ஊர்ப் பெயரை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்