மலைமேல் ஒரு தலைநகரம்

ஜவ்வாது மலையிலிருக்கும் புதூர்நாட்டுக்குப் போவதென்றால் முதலில் சரியான திருப்பத்தூரில் இறங்குங்கள். சிவகங்கைச் சீமையிலும் ஒரு திருப்பத்தூர் இருக்கிறது. அங்கே இறங்கி ஜவ்வாது மலைக்கு வழி கேட்டால், பஸ் ஸ்டாண்டே கூடிச் சிரிக்கும். நமக்கு வேண்டியது 2019 நவம்பரில் வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான திருப்பத்தூர். ரயிலில் வருகிறவர்கள் ஜோலார்பேட்டையில் இறங்கிக்கொள்வது சுலபம். பல வண்டிகள் அங்கே நிற்கும்.

அடுத்த குழப்பம், மலையில் எந்தப் பக்கம் என்பது. ஜவ்வாது மலை ஒன்றுதான். அதைப் பங்கு போட்டுக்கொண்ட மாவட்டங்கள் பல. சுற்றுலா விளம்பரங்களில் வரும் பீமன் அருவியும் கோமுட்டேரிப் படகும் ஜமுனாமரத்தூர்ப் பக்கம், திருவண்ணாமலை மாவட்டம். அதற்கு வாணியம்பாடி, ஆலங்காயம், காவலூர் வழியாகப் போகலாம். புதூர்நாட்டுக்குத் திருப்பத்தூரிலிருந்து தனியாக மலை ஏற வேண்டும். இரண்டையும் ஒரே பகலில் முடித்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் கடைசியில் பார்ப்பது கொண்டை ஊசி வளைவுகளை மட்டும்தான்.

புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என மூன்று நாடுகள் இந்தப் பக்கத்து மலையில். சிதறிக் கிடக்கும் சிற்றூர்களுக்குப் புதூர்நாடுதான் தலைநகரம். ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் கடைகண்ணிக்கும் சனங்கள் இங்கேதான் வருகிறார்கள். இங்கே ‘பார்க்க வேண்டிய பத்து இடங்கள்’ கிடையாது. நான் போகச் சொல்வதற்குக் காரணமே அதுதான். இது பிறருடைய ஊர்; நமக்காகச் சோடித்து வைத்த இடமல்ல. எனவே, ஊரின் நேரத்துக்கு நாம் ஒத்துப்போக வேண்டும். காலை பஸ்ஸில் ஏறுங்கள். கீழே இறங்கும் கடைசி பஸ் எப்போது என்று ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். கையில் சில்லறை இருக்கட்டும். செல்போன் டவரை நம்பி ஜி-பே மட்டும் வைத்துக்கொண்டு டீக்கடையில் நிற்காதீர்கள்.

பஸ் தவறினால் சரக்கு வண்டியின் பின்னால் தொற்றிக்கொண்டு போகலாம் என்ற எண்ணம் வேண்டவே வேண்டாம். 2022 ஏப்ரலில் புலியூரிலிருந்து சேம்பரை ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போன வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள். வேறு வண்டி இல்லாததால் மலைக்காரர்கள் அப்படி ஏறுகிறார்கள். வேடிக்கை பார்க்கப் போகிற நமக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை.

வழி கேட்பது ஒரு தனிக் கலை. மத்திய அமெரிக்காவில், நிகரகுவாவின் தலைநகரான மனாகுவாவில் முகவரி சொல்வதே வேறு மாதிரி. 1972 டிசம்பர் நிலநடுக்கத்தில் நகரத்தின் நடுப்பகுதி தரைமட்டமானது. இடிந்துபோன கட்டடங்களையும் அடையாளமாக வைத்து இன்றும் வழி சொல்கிறார்கள். அங்கிருந்து ‘ஏரிப் பக்கம்’ இத்தனை தெரு என்றால் வடக்கே என்று பொருள். வெளியூர்க்காரர் திண்டாடத்தான் வேண்டும். புதூர்நாட்டுப் பக்கமும் வலது இடது எடுபடாது. “அந்தப் புளியமரம் தாண்டி ஏத்தம் ஏறுங்க, எறக்கத்துல ஊரு” என்பார்கள். புளியமரம் இருக்கும், எந்தப் புளியமரம் என்பதுதான் கேள்வி. “எவ்வளவு தூரம்?” என்று கேட்காதீர்கள், “கிட்டதான்” என்றுதான் பதில் வரும். “நடந்தா எவ்வளவு நேரம்ணா?” என்று கேளுங்கள். சொன்ன நேரத்தை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். அவர்கள் கால் வேறு, நம் கால் வேறு.

இங்கே வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடியினர். மலையாளம் தெரியுமா என்று கேட்டு வைக்காதீர்கள். மலையை ஆள்கிறவர்கள் பேசுவது தமிழ்தான். பெரியவர்களைக் ‘கவுண்டரே’ என்று கூப்பிட்டால் முகம் மலரும். களத்துமேட்டில் சாமை புடைக்கிற பெண்களைப் படம் பிடிக்குமுன், “அக்கா, எடுக்கலாமா?” என்று ஒரு வார்த்தை. வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

மரத்தடியில் மஞ்சள் குங்குமம் பூசிய கற்கள் தெரிந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே போய்ப் பாருங்கள். உள்ளங்கை அளவில், ஒரு முனை கூம்பி, மறுமுனை விளிம்பு தேய்ந்து வழவழவென்று இருந்தால், அது புதிய கற்காலத்து மனிதன் தீட்டிய கற்கோடரியாக இருக்கலாம். திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி ஆய்வாளர்கள் இந்த மலையில் இப்படிப் பலவற்றைக் கண்டறிந்திருக்கிறார்கள். ஊர்க்காரர்களுக்கு அது பிள்ளையார். தொடவும் வேண்டாம், தூக்கிப் பார்க்கவும் வேண்டாம். மியூசியத்தில் கண்ணாடிக்குள் வைத்திருப்பதை இங்கே பொங்கல் வைத்துக் காப்பாற்றுகிறார்கள்.

வேடிக்கைக்குக்கூட “சந்தனக் கட்டை கிடைக்குமா?” என்று கேட்காதீர்கள். ஒரு காலத்தில் இந்த மலைச் சந்தனம் திருப்பத்தூர் அரசுக் கிடங்குக்கு வண்டி வண்டியாகப் போனது. பிறகு வெளியே போய்ச் செம்மரம் வெட்டும் கூலியே பலருக்கு எமனானது. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 தமிழர்களில் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் உண்டு. முன்பின் தெரியாதவன் மரத்தைப் பற்றி விசாரித்தால் புரோக்கராகவோ போலீஸாகவோதான் தெரிவான்.

இன்னொரு நாள் கையில் இருந்தால், பார்வையாளர்களை அனுமதிக்கும் சனிக்கிழமையாகப் பார்த்துக் காவலூர் போங்கள். வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இலிருந்து அங்கே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்த மலையைத் தேர்ந்தெடுத்ததற்குக் கீழே விளக்கு வெளிச்சம் குறைவு என்பதும் ஒரு காரணம். முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள். மழைக்காலத்தில் மேகம்தான் மிஞ்சும்.

திரும்பும்போது சாமையோ தேனோ புளியோ, மலையிலேயே வாங்குங்கள். சொன்ன விலைக்கு வாங்குங்கள். சூப்பர் மார்க்கெட்டில் வாய் திறக்காமல் பில் கட்டுகிற நாம், பாட்டியிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுவானேன்? கொண்டுபோன பாட்டிலும் பாலிதீனும் உங்களோடே கீழே இறங்கட்டும். கோடையில் காட்டுக்குள் ஒரு தீக்குச்சிகூட உரச வேண்டாம்.

இத்தனையும் செய்தால் உங்களால் புதூர்நாட்டுக்குக் கிடைப்பது நாலு டீக்காசு, ஒரு பை சாமைக்கான விலை. பெரிய லாபமில்லை. நஷ்டம் இல்லாமல் வந்து போனான் என்று பெயர் வாங்கினால், அடுத்த முறை போகும்போது யாராவது வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். களி கிண்டியிருந்தால் மறுக்காமல் உட்காருங்கள்.