கிராணி போகலாம், கடிதங்கள் போகலாகாது

ஜொகூர்த் தோட்டங்களில் கிராணி ஒருவர் விலகினால் சாவிக்கொத்தும் பெரட்டுப் புத்தகமும் முறையாகக் கைமாறுகின்றன. அவருடைய மின்னஞ்சலை யார் ஒப்படைப்பது?

சேமநிதிச் சந்தா, சம்பளக் கணக்கு, சொக்சோ விபத்து அறிக்கை பற்றிய கடிதங்கள் அதற்குள்தான் கிடக்கின்றன. விபத்து நேர்ந்ததை அறிந்த 48 மணி நேரத்திற்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தச் செய்தி, போனவரின் பெட்டியில் கேட்பாரற்றுக் கிடந்தால் நட்டம் பால்வெட்டும் தொழிலாளிக்கே! தொழிலாளர் பதிவேட்டை 6 ஆண்டுகள் காக்கச் சொல்கிறது 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம். அதற்கு ஆதாரமான கடிதங்கள் ஒரே நாளில் அழியலாமா?

கடவுச்சொல்லைத் துண்டுத் தாளில் எழுதிக் கொடுப்பது ஒப்படைப்பு ஆகாது. பின்னர் யாரோ அனுப்பும் கடிதத்துக்குப் போனவர் பழி சுமப்பார்.

நிர்வாகம் செய்ய வேண்டியது இதுவே: முதலில் சொந்தக் கடிதங்களை அவரே எடுத்துக்கொள்ளட்டும். அலுவலகக் கடிதங்களைப் பிரதியெடுத்துப் புதியவர் கணக்கில் சேர்க்கட்டும். கடவுச்சொல்லை மாற்றி, பழையவரின் கைப்பேசி எண்ணை நீக்கட்டும். இனி வரும் கடிதங்கள் சில மாதங்களுக்குப் புதியவரிடம் தானாகச் சேரட்டும். அதன் பின்னரே கணக்கை மூடட்டும்.

கிராணிமார்களே! ஒப்படைப்புப் பட்டியலில் மின்னஞ்சலையும் சேர்த்து இருவரும் கையெழுத்திடுங்கள். அக்கடிதங்களில் இருப்பது தொழிலாளியின் உரிமை!