மழைமானி யார் பக்கம் நிற்கிறது?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்று கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை பதிவானது. திண்டிவனத்தில் பதிவானது சுமார் 37 செ.மீ. இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறக்குறைய 15 கிலோமீட்டர்தான்.

இந்த 13 செ.மீ. வேறுபாட்டைத் தண்ணீராகக் கணக்கிட்டால், ஏக்கருக்கு 5 லட்சம் லிட்டருக்கு மேல் வருகிறது. மல்லாட்டைக் கொல்லை தப்புமா அழுகுமா என்பதை முடிவு செய்ய அது போதும். அப்படியானால் இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கும் கிராமத்தில் எவ்வளவு பெய்தது? அங்கே மழைமானி இல்லையென்றால், அந்தக் கேள்விக்கு அரசின் ஏட்டில் பதில் இல்லை. பக்கத்து ஊர்க் கணக்கையே அந்த ஊரின் கணக்காக எழுதிவிடுவார்கள்.

வானிலை நிலையம் என்றதும் அது விஞ்ஞானிகளின் சமாச்சாரம், போராட்டத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். தொடர்பு இருக்கிறது. வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், நிலையத்தின் கருவி காட்டும் எண்ணை வைத்தே இழப்பீடு முடிவாகிறது. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விளைச்சல் கணக்கெடுப்புதான் முதன்மை என்றாலும், விதைக்க முடியாமல் போனது, பயிர் நடுவில் கெட்டது போன்றவற்றை மதிப்பிட மழைக் கணக்கும் சேர்த்துக்கொள்ளப்படுகிறது. உழவரின் கண் பார்த்ததைவிட கருவி சொன்னதற்கே அங்கு மதிப்பு அதிகம்.

அந்தக் கருவியை எவ்வளவு நம்பலாம்? தானியங்கி மழைமானிக்குள் சிறு குழிக்கரண்டி போன்ற அமைப்பு உண்டு. குறிப்பிட்ட அளவு நீர் நிறைந்ததும் அது கவிழும். எத்தனை முறை கவிழ்ந்தது என்பதே மழைக் கணக்கு. புனலில் இலையோ தூசியோ பறவை எச்சமோ அடைத்தால் கணக்கு குறையும். மழை பேய்த்தனமாகக் கொட்டும்போது, கவிழும் வேகம் ஈடுகொடுக்காமலும் குறையும். அதாவது நமக்குச் சரியான கணக்கு மிகவும் தேவைப்படும் நாளில்தான் அது தவறும் வாய்ப்பும் அதிகம். அருகில் மரமோ கட்டடமோ இருந்தால், அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி மழைமானி இருக்க வேண்டும். சுற்றுச்சுவர் ஓரத்திலும் வேப்பமர நிழலிலும் வைத்துவிட்டு அதைத் துல்லியம் என்று சொல்ல முடியாது.

தலைநகரிலேயே என்ன நடந்தது என்று பாருங்கள். 2024 மே 29 அன்று டெல்லி முங்கேஷ்பூர் தானியங்கி நிலையம் 52.9 டிகிரி செல்சியஸ் என்று காட்டியது. நாடே பரபரப்பானது. இந்திய வானிலை ஆய்வுத் துறை ஆய்வு செய்து, உணர்கருவி 3 டிகிரி கூடுதலாகக் காட்டியது என்று அறிவித்தது. டெல்லி என்பதால் சில நாட்களில் பிழை வெளியே வந்தது. வானூரிலோ மேல்மலையனூரிலோ ஒரு மழைமானி ஒரு பருவம் முழுக்கக் குறைத்துக் காட்டினால் யார் வந்து சரிபார்ப்பார்கள்?

இந்தப் பிழை எல்லோரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. விழுப்புரம், கள்ளக்குறிச்சி ஒன்றாக இருந்த 2011 கணக்கெடுப்பில் மாவட்ட மக்கள்தொகையில் சுமார் 29 விழுக்காடு பட்டியல் சாதியினர். 1892-இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப்போனது நாம் அறிந்த கதை. இன்று நம்மில் பலர் கூலிக்காரர்கள் அல்லது வாய்மொழிக் குத்தகைக்காரர்கள். பட்டாவும் அடங்கலும் வேறொருவர் பெயரில் இருக்கும். ஏரிக்கரையை ஒட்டிய பள்ளக் கொல்லை நமக்கு வாய்த்தது. ஒரே மழை மேட்டு நிலத்தில் வடிந்துபோகும், பள்ளத்தில் நாள்கணக்கில் நிற்கும். இதை எந்த மழைமானியும் சொல்லாது.

ஃபெஞ்சல் நிவாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமான இறவைப் பயிருக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிப் பயிருக்கு 8,500 ரூபாய் என அறிவித்தார்கள். அந்த வயலில் நாற்று நட்டு, களை பறித்து, அறுவடைக் கூலிக்குக் காத்திருந்த பெண்ணுக்கு? ரேஷன் அட்டைக்கு 2,000 ரூபாய். கூலி போனதற்கென்று தனிக் கணக்கு இல்லை. அளவுகோலே நிலத்தை மட்டும் பார்க்கும்படி செய்யப்பட்டிருக்கிறது.

கருவிகளே இல்லை என்று நாம் சொல்லவில்லை. வேளாண்மைப் பல்கலைக்கழகம் வட்டார அளவில் தானியங்கி நிலையங்களை நிறுவியிருக்கிறது. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் பல பத்தாண்டுகளாக இயங்குகிறது, டி.எம்.வி. மல்லாட்டை ரகங்களின் பெயரிலேயே திண்டிவனம் இருக்கிறது. ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரு தானியங்கி மழைமானி என்ற இலக்கோடு 2023-இல் ஒன்றிய அரசு 'விண்ட்ஸ்' திட்டத்தையும் அறிவித்தது. ஆனால் அடுத்த ஆண்டே, உழவருக்கு வானிலை ஆலோசனை தந்துவந்த 199 மாவட்ட வேளாண் வானிலை அலகுகளை நாடு முழுக்க மூடியது. கருவி வாங்கப் பணம் இருக்கிறது, அது சொல்வதை உழவருக்கு எடுத்துச்சொல்லும் மனிதருக்குச் சம்பளம் இல்லை.

1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் இருந்தபோது, நாட்டின் நீர்வளத் திட்டமிடலுக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவர் அண்ணல் அம்பேத்கர். நீர்க்கணக்கு நமக்கு அந்நியமானது அல்ல.

எனவே நம் கோரிக்கைகள்: ஊராட்சிதோறும் மழைமானி வேண்டும். அதன் தினசரி அளவு ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதப்பட வேண்டும். கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்பதும் அங்கேயே இருக்க வேண்டும். வாய்மொழிக் குத்தகைக்காரருக்கும் கூலிக்காரருக்கும் இழப்பீட்டில் பங்கு வேண்டும்.

மாணவர்கள் இப்போதே தொடங்கக்கூடிய வேலைகளும் உண்டு. உங்கள் வட்டாரத்தில் நிலையம் எங்கே உள்ளது, கடந்த ஓராண்டில் எத்தனை நாள் பழுதாக இருந்தது, யார் பராமரிக்கிறார் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். பதிலைக் கிராமசபையில் வாசியுங்கள். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள ஒரு பாத்திரத்தையும் அளவுகோலையும் வைத்து, சேரிப் பக்கம் திறந்த வெளியில் தினமும் காலை 8.30-க்கு மழையை அளந்து நோட்டில் எழுதுங்கள். காப்பீட்டு நிறுவனம் அதை ஏற்காது. ஆனால் ஒரு பருவம் முழுக்க எழுதிய நோட்டு அரசுக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்றால், அதை வைத்து ஆட்சியர் அலுவலகத்தில் கேள்வி கேட்கலாம். வெறுங்கையோடு போய்க் கேட்பதற்கும் கணக்கோடு போய்க் கேட்பதற்கும் வேறுபாடு உண்டு.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே நோட்டை வாங்கிவிடுங்கள்.