ரோமாபுரிப் பெயரும் போதும்பொண்ணும்

சென்ற வாரம் நமது அவனியாபுரம் வாசகசாலைக்கு ஒரு வாலிபத் தோழர் வந்தார். அவருக்குப் பெண் குழந்தை பிறந்து இருபது நாளாகிறது. கையில் ஒரு காகிதம். அதிலே ரோமாபுரியார் வைத்துக்கொண்ட பெயர்கள் என்பதாக நாற்பது ஐம்பது பெயர்களும், பக்கத்தில் அவற்றின் அர்த்தமும் எழுதியிருந்தன. "அய்யா, சாமி பேரும் வேண்டாம், ஜாதி தெரியிற பேரும் வேண்டாம். இதுல ஒண்ணு பொறுக்கிக் கொடுங்க" என்றார். நமக்குச் சந்தோஷந்தான். ஆனால் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தால், ஒவ்வொரு பெயரையும் இங்கிலீஷ் எழுத்தில் எழுதி, எழுத்துக்கு எழுத்து எண் போட்டுக் கூட்டியிருக்கிறது! எண் ஜோசியர் ஒருவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் நம்மிடம் வந்திருக்கிறார். பஞ்சாங்கத்தை வாசல் வழியாய் விரட்டியவர், கொல்லை வழியாய் அதை அழைத்துக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

முதலில் அந்த அர்த்தங்களைப் பார்ப்போம். விக்டோரியா என்றால் வெற்றி, ஃபெலிக்ஸ் என்றால் அதிர்ஷ்டசாலி, வின்சென்ட் என்றால் ஜெயிக்கிறவன் என்று போட்டிருப்பதெல்லாம் சரியே. ஆனால் கிளாடியா என்பதற்கு எதிரே "பழங்குலப் பெயர்" என்று எழுதி நழுவிவிட்டார்கள். லத்தீன் பாஷையில் அதற்கு மூலம் நொண்டி என்ற சொல். சிசிலியாவுக்கு மூலம் குருடு. பவுலா என்றால் சிறியவள். புரூட்டஸ் என்றால் மந்தபுத்தியுள்ளவன். ரோமாபுரியின் பெரிய பிரசங்கி சிசரோ இருக்கிறாரே, அவர் பெயருக்கு மூலம் நாம் சுண்டல் செய்கிற கொண்டைக்கடலை! அவர் அரசியலில் இறங்கியபோது சிநேகிதர்கள் இந்தப் பெயரை மாற்றிக்கொள்ளும்படி சொன்னார்களாம். மாட்டேன், இந்தக் கடலைப் பெயரையே பெரிய வீட்டுப் பெயர்களுக்கு மேலாக்கிக் காட்டுகிறேன் என்றாராம். புளூடார்க் என்பவர் இதை எழுதி வைத்திருக்கிறார்.

ஜூலியாவுக்கு "இளமை" என்று போட்டிருக்கிறது. அது ஊகந்தான். அந்த ஜூலியக் குடும்பத்தார் தங்களைப்பற்றிச் சொல்லிக்கொண்டதோ வேறு. தாங்கள் வீனஸ் தேவியின் வம்சமாம். ஜூலியஸ் சீசர் கி.மு. 69-இல் தம் அத்தையின் இழவில் நின்றுகொண்டு இதை ஒரு பிரசங்கமாகவே செய்தார். நமது மதுரைப் பாண்டியர்கள் சந்திர வம்சம். அவர்கள் வெள்ளி வம்சம்! புளுகுவதில் தேசத்துக்குத் தேசம் அதிக வித்தியாசம் இல்லை.

இந்தப் பெயர்கள் நமது நாட்டுக்குப் புதியவையும் அல்ல. ரோமாபுரிச் செப்புக் காசுகள் மதுரை வைகை மணலிலேயே கிடைத்திருக்கின்றன. பிறகு பாதிரிமார்கள் வந்து அந்தோணி, பவுல், சிசிலி என்று நமது தெருக்களில் வழங்கச் செய்தார்கள். சிலவற்றை அர்த்தம் பார்த்துத் தமிழாகவே மாற்றினார்கள். பவுல் என்பவரைச் சின்னப்பர் ஆக்கினார்கள். மதுரை மிஷனில் வேலை செய்த கான்ஸ்டான்ஸோ பெஸ்கி, உறுதி என்று பொருள்படும் தம் பெயரைத் தைரியநாதர் என்று மாற்றிக்கொண்டார். அவரைத்தான் நாம் வீரமாமுனிவர் என்கிறோம். ஆனால் சின்னப்பன் என்று ஞானஸ்நானம் பெற்றவனை ஜாதி விட்டதா என்றால், கல்லறையில்கூடத் தனிச்சுவர் வைத்த ஊர்கள் இந்த நாட்டில் உண்டு.

நிற்க, அந்த ரோமாபுரியார் பெயர் வைத்த யோக்கியதை என்னவென்று தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண் பிள்ளைக்குப் பிறந்த ஒன்பதாம் நாள், பெண்ணுக்கு எட்டாம் நாள் சடங்கு. ஆணுக்குத் தனக்கென்று ஒரு பெயர் உண்டு. பெண்ணுக்கு அது பெரும்பாலும் கிடையாது. ஜூலியஸ் குடும்பத்தில் பிறந்தால் ஜூலியா, கார்னீலியஸ் குடும்பத்தில் பிறந்தால் கார்னீலியா, அவ்வளவுதான். சீசருடைய அத்தை ஜூலியா, சகோதரிகள் இருவரும் ஜூலியா, மகளும் ஜூலியா! ஒரு வீட்டில் இரண்டு பெண்ணிருந்தால் பெரியவள், சின்னவள். மூன்றாவது பிறந்தால் டெர்ஷியா, அதாவது மூன்றாமவள். மாட்டுக்கு எண் போடுவதுபோல் பெண்ணுக்கு எண். அடிமைக்கோ எஜமான் வைத்ததே பெயர். விடுதலையானாலும் எஜமான் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் சுமக்க வேண்டும். சிசரோ விடுதலை செய்த டைரோ என்பவர் அப்படித்தான் மார்க்கஸ் துல்லியஸ் டைரோ ஆனார்.

இதைக் கேட்டுச் சிரிக்க நமக்கு யோக்கியதை உண்டா? மனுதர்மம் இரண்டாம் அத்தியாயத்தில், பார்ப்பானுக்கு மங்களமான பெயரும், க்ஷத்திரியனுக்கு வலிமை காட்டும் பெயரும், வைசியனுக்குச் செல்வம் காட்டும் பெயரும், சூத்திரனுக்கு இழிவு காட்டும் பெயரும் வைக்க வேண்டுமென்று சட்டமே எழுதியிருக்கிறது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் இருக்கும் ஜாதிப் பட்டத்தை வெட்டவேண்டுமென்று தீர்மானம் செய்ததும் இதற்காகத்தான். பின்னால் இருந்த வால் பெரும்பாலும் போயிற்று. ஆனால் உசிலம்பட்டிப் பக்கம், தேனிப் பக்கம், ஏன், நமது அவனியாபுரத்தைச் சுற்றியுமே விசாரித்துப் பாருங்கள். மூன்றாவது நான்காவது பெண்ணாய்ப் பிறந்தவளுக்குப் போதும்பொண்ணு என்று பெயர். சில இடங்களில் வேண்டாம் என்றே பெயர். ரோமாபுரியான் எண்ணிவிட்டாவது விட்டான். நாம் திட்டி வைத்தோம். அப்படிப் பெயர் வைத்தால் அடுத்தது ஆணாய்ப் பிறக்குமாம்! பள்ளிக்கூடத்தில் வாத்தியார் "போதும்பொண்ணு" என்று கூப்பிட, அந்தக் குழந்தை எழுந்து "உள்ளேன் அய்யா" என்று சொல்ல வேண்டும். தினந்தோறும் தான் வேண்டப்படாதவள் என்று தானே ஒப்புக்கொள்ள வேண்டும்.

பெயரால் ஆண் பிறக்கும் என்பதும், பெயரின் எழுத்துக்கூட்டலால் அதிர்ஷ்டம் வரும் என்பதும் ஒரே புரட்டுத்தான். ஜோசியர் எண் போடுவது ரோமாபுரி எழுத்துக்கு. அந்த ரோமாபுரியிலேயே இன்றைய ஜனங்கள் ஜூலியா என்ற அதே பெயரை இங்கிலீஷ்காரர் எழுதுகிறபடி எழுதாமல் வேறு எழுத்துப் போட்டு எழுதுகிறார்கள். கூட்டல் மாறுகிறது; அங்கே பிறந்த குழந்தைக்கு அதனால் ஜுரம் வந்ததா? தமிழில் எழுதினால் எந்த எண்? நம்மவர் பெயருக்கு இங்கிலீஷ் எழுத்துப் போட்டவரோ பள்ளிக்கூட குமாஸ்தா; அவர் அன்று தூக்கக் கலக்கத்தில் ஓர் எழுத்தை விட்டிருந்தால் கிரகமும் தப்பிவிடுமா?

பழைய ரோமாபுரியாருக்கும் இந்தப் பைத்தியம் இருந்தது. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும்போது நல்ல பெயர் உள்ளவனைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். கி.மு. 216-இல் கன்னே என்ற இடத்தில் அந்தப் பட்டாளம் ஒரே நாளில் பல்லாயிரம் பேரைப் பலி கொடுத்தது. கிராஸஸ் என்ற சேனாதிபதி கப்பல் ஏறும்போது, அத்திப்பழம் விற்கிறவன் பழத்தின் ஊரைச் சொல்லிக் கூவினானாம். அது "போகாதே" என்பதுபோல் காதில் விழுந்ததாம். போனார், செத்தார், ஆகவே சகுனம் பலித்தது என்றார்கள். இதை நம்பினால் செருப்பு வார் அறுவதையும் தும்மலையும்கூட நம்பவேண்டிவரும் என்று கி.மு. 44-இல் புத்தகம் எழுதிக் கேலி செய்தவர் யார் தெரியுமா? மேலே சொன்ன கொண்டைக்கடலைதான்.

இவ்வளவும் சொல்லி, ஜூலியா என்றே வைப்பதானாலும் எமக்கு ஆட்சேபணை இல்லை, எண்ணை மட்டும் கிழித்துப் போடும் என்று அந்தத் தோழரிடம் சொன்னோம். அவசரமும் இல்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டால், பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். மறுநாள் அவர் தம் தாயாரையும் அழைத்து வந்தார். அந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும், வீட்டில் நாலாவது பெண், பெயர் போதும்பொண்ணு. பேத்தியின் பெயரைப்பற்றி ஒன்றும் பேசாமல், "ஏன் தம்பி, இந்த வயசுல என் பேரை மாத்திக்கிட்டா ஒத்துக்குவாகளா?" என்று கேட்டார். வயது தடையில்லை, சென்னையிலுள்ள எழுதுபொருள் அச்சுத்துறைக்கு விண்ணப்பம் போட்டு அரசிதழில் வெளியிட்டுவிட்டால் செல்லும் என்றோம். விண்ணப்பத்தை வாசகசாலையிலேயே வைத்து எழுதினோம். புதுப் பெயர் என்ற இடம் மட்டும் காலியாய் இருக்கிறது. தனக்குத் தானே பெயர் வைத்துக்கொள்வதென்றால் யோசிக்க வேண்டாமா, ஒரு வாரம் தவணை கொடுங்கள் என்று அம்மாள் காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.