600 டோன் இருக்கு... ஆனா பியானோ கத்துக்க முடியுமா?

டைட்டன் வாட்ச் விளம்பரத்தின் அந்த மெட்டைக் கேட்காத வீடு தமிழ்நாட்டில் அனேகமாக இருக்காது. மொசார்ட்டின் 25-வது சிம்பொனியில் இருந்து எடுத்தது அது. வாட்ச் தயாரானது ஓசூரில். அதே ஓசூரில் இருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி, தேன்கனிக்கோட்டையில் தொழிற்சாலைச் சம்பளத்தில் ஓடும் ஒரு வீட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம். மகளுக்கு ஏழு வயது, பியானோ கிளாஸில் சேர்க்க வேண்டும். அப்பாவுக்கு ஷிஃப்ட் முடிந்து வந்ததும் லேப்டாப்பில் பாட்டு கம்போஸ் பண்ண ஆசை. ஒரே கீபோர்டில் இரண்டு வேலையும் நடக்கணும். நடக்குமா?

நடக்கும். ஆனால் கடையில் முதலில் எடுத்துக் காட்டுவதை வாங்கிக்கொண்டு வந்தால் நடக்காது.

"600 டோன் இருக்கு சார், 200 ரிதம் இருக்கு" என்று கடையில் காட்டப்படுவது பெரும்பாலும் 61 கீ உள்ள அரேஞ்சர் கீபோர்டு. விலை சுமார் 10,000 முதல் 25,000 ரூபாய் வரை. யமஹாவின் பிஎஸ்ஆர்-ஐ வரிசை போல, தபலா, தான்புரா ஒலிகளோடு இந்தியாவுக்கென்றே வரும் மாடல்களும் இதில் உண்டு. இடது கையில் கார்டு பிடித்தால் பின்னணி முழுக்க தானாக ஓடும். மெல்லிசைக் குழுவுக்கும் சர்ச் பாடலுக்கும் இதைவிட வசதியான கருவி கிடையாது. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பியானோ கற்றுக்கொள்ள மட்டும் அது போதாது.

காரணம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. இத்தாலியில் 1700-ஐ ஒட்டி கிறிஸ்டோஃபோரி உருவாக்கிய கருவிக்கு முழுப் பெயரில் 'பியானோ', 'ஃபோர்ட்டே' இரண்டும் இருந்தன. முதலாவது மெதுவாக, இரண்டாவது சத்தமாக. விரல் அழுத்துகிற விதத்தில் ஒலி மாறுவதுதான் அதன் விசேஷமே. அழுத்தும்போது உள்ளே ஒரு சுத்தியல் எழும்பி கம்பியைத் தட்டுகிறது; ஒரு கீயைக் கீழே இறக்க சுமார் 50 கிராம் எடை வேண்டும். அரேஞ்சர் கீபோர்டில் இருப்பது வெறும் ஸ்பிரிங். தொட்டால் இறங்கிவிடும். இரண்டு வருஷம் அதில் பழகிய குழந்தையை நிஜ பியானோ முன்னால் உட்கார வைத்தால், மெதுவாக வாசிக்க வேண்டிய இடத்தில் ஸ்வரமே கேட்காது, சத்தமான இடத்தில் விரல் களைத்துப் போகும். டச் ரெஸ்பான்ஸ் இல்லாத மலிவு மாடல் என்றால் இன்னும் மோசம். எப்படி அழுத்தினாலும் ஒரே சத்தம்தான்.

அதனால் கடைக்குப் போவதற்கு முன் கிளாஸ் எடுப்பவரிடம் ஒரு கேள்வி கேட்பது நல்லது: குழந்தை எழுதப்போவது எந்த கிரேடு தேர்வு? டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் தேர்வுகளில் பியானோ தனி, எலக்ட்ரானிக் கீபோர்டு தனி, பாடத்திட்டமே வேறு. கீபோர்டு கிரேடு என்றால் அரேஞ்சரே சரியான கருவி. 'பியானோ கிளாஸ்' என்று போர்டு மாட்டியிருக்கும் இடத்தில் சொல்லித் தருவது கீபோர்டாகவும் இருக்கலாம். பெற்றோர் பலருக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

பியானோதான் என்று முடிவானால், பெட்டியில் தேட வேண்டிய வார்த்தை 'ஹேமர் ஆக்‌ஷன்'. 88 கீ என்று இருந்தால் மட்டும் போதாது. 'செமி வெயிட்டட்' என்று 88 கீயோடு வருபவை உண்டு. உள்ளே இருப்பது அதே ஸ்பிரிங்தான், கொஞ்சம் எடை சேர்த்திருப்பார்கள். யமஹா பி-145, கேசியோ சிடிபி-எஸ்110, ரோலண்ட் எஃப்பி-10 போன்ற ஆரம்ப நிலை டிஜிட்டல் பியானோக்களில் ஹேமர் ஆக்‌ஷன் இருக்கிறது. விலை 40,000 ரூபாயை ஒட்டித் தொடங்குகிறது. வலிக்கிற தொகைதான். ஆனால் முதலில் 20,000-க்கு ஒன்று வாங்கி, இரண்டு வருஷம் கழித்து இதையே வாங்குவதுதான் அதிகம் வலிக்கும்.

சரி, அப்பாவின் மியூசிக் புரொடக்‌ஷன்?

இங்கேதான் 600 டோன் விளம்பரம் அர்த்தமில்லாமல் போகிறது. 1983-ல் வந்த மிடி என்ற முறையில் கீபோர்டு லேப்டாப்புக்கு ஒலியையே அனுப்புவதில்லை. எந்தக் கீ, எப்போது, 1 முதல் 127 வரையான அளவில் எவ்வளவு வேகத்தில் அழுத்தப்பட்டது என்ற தகவல்தான் போகிறது. வயலினோ டிரம்ஸோ, ஒலி எல்லாம் சாஃப்ட்வேரில் இருந்து வருவது. மேலே சொன்ன மூன்று பியானோக்களிலும் யுஎஸ்பி இருக்கிறது. ஒரு கேபிள் போதும். உத்தனப்பள்ளி பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோன் பாகங்கள் தயாராகின்றன. அந்த ஐபோனிலேயே கராஜ்பேண்ட் இலவசம். விண்டோஸ் லேப்டாப் என்றால் அழுத்தியதற்கும் கேட்பதற்கும் நடுவில் ஒரு தாமதம் வந்து கடுப்பேற்றும். ஏஎஸ்ஐஓ4ஆல் என்ற இலவச டிரைவர் போட்டால் பெருமளவு குறையும்.

ஆக, டிஜிட்டல் பியானோ புரொடக்‌ஷனுக்கும் உதவும். மிடி கன்ட்ரோலர் பியானோ கிளாஸுக்கு உதவாது. லேப்டாப் இல்லாமல் பெரும்பாலானவற்றில் சத்தமே வராது. அப்பா லேப்டாப்பை வேலைக்கு எடுத்துப் போன நாளில் மகளுக்குப் பிராக்டீஸ் கட்.

ஒரு குறை நிஜமாகவே உண்டு. இந்த ஆரம்ப நிலை பியானோக்களில் பிட்ச் பெண்ட் வீல் கிடையாது. ஸ்வரத்தை வளைக்காமல் நம் இசையில் எவ்வளவு தூரம் போக முடியும்? கீபோர்டு சத்யநாராயணன் கர்நாடக இசையில் கமகங்களைக் கொண்டுவருவதே பிட்ச் பெண்ட் உதவியோடுதான். சாஃப்ட்வேரில் மவுஸால் வளைவு வரையலாம், ஆனால் கையால் செய்யும் உயிர் அதில் இருக்காது. பாட்டு போடுவது சீரியஸாகும்போது 25 கீ மினி கன்ட்ரோலர் ஒன்றைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். குழந்தையின் பாடமே கணக்கில் இல்லை, பீட் மட்டும்தான் என்பவர்களுக்கு அந்தக் குட்டிக் கருவியும் ஒரு நல்ல ஹெட்போனும் இப்போதே போதும்.

மாடி வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் கவனிக்க இன்னொன்று. ஹெட்போன் மாட்டிக்கொண்டால் சத்தம் வெளியே போகாது என்பது பாதி உண்மை. ஹேமர் ஆக்‌ஷன் கீ அழுத்தும் 'தடக் தடக்' தரை வழியாகக் கீழ்வீட்டுக்குப் போகும். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு கீழே ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கலாம். ஸ்டாண்டுக்கு அடியில் தடிமனான ரப்பர் மேட் போட்டால் கொஞ்சம் அடங்கும்.

பெங்களூரு கடைகள் பக்கம்தான். ஆனால் பெட்டிக்குள் இருப்பதே 10 முதல் 12 கிலோ, நீளம் 1.3 மீட்டர் அளவில். ஓசூர் பஸ்ஸில் ஏற்றுவது சிரமம். கடைக்கு மகளையும் கூட்டிப் போக வேண்டும். ஆட்டோ ரிதம் எதையும் ஓட விடாமல், ஹெட்போன் மாட்டி, ஒரே கீயை முதலில் பூ மாதிரியும் பிறகு ஓங்கியும் அவள் அழுத்திப் பார்க்கட்டும். இடது ஓரத்துக் கீகள் வலது ஓரத்தைவிடக் கனமாக இருக்கிறதா என்று அவளிடமே கேட்டுவிட்டு பில் போடச் சொல்லலாம்.